ஸ்கேனர் வீட்டுப் பள்ளிக்கூடம்

கடையில் எல்லோரும் அவரை ஸ்கேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவும். நாலு மாடிப் பல்பொருள் கடை அது. வாசலில் பீப் அடிக்கிற மெஷின் இரண்டு உண்டு. அடிக்கக் கூடாத நேரத்தில் ஊரைக் கூட்டும், அடிக்க வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிடும். மேனேஜர் அதை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டார். அதன் பக்கத்தில் கருநீலச் சட்டை போட்டு நிற்கிற இந்த மனிதரைத்தான் நம்பினார்.

நம்பலாம். குடையை மடித்துக்கொண்டு வருகிறவர் குடைக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று ஸ்கேனருக்குத் தெரியும். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கிறவர், கேட்காமலே பில்லை நீட்டுகிறவர், 'எவ்வளவு வெயில் பாருங்க' என்று வலிய வந்து பேசுகிறவர், எல்லோரும் அவர் கணக்கில் சந்தேகக் கேஸ்தான். அதில் பாதிப் பேர் பாவம், வெயில் தாங்காமல் சொன்னவர்கள். மீதிப் பாதி மாட்டியிருக்கிறது. அது போதாதா அவருக்கு?

கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் விலக்குக் கிடையாது. வேலை முடிந்து வெளியே போகும்போது அவருடைய மேஜைக்கு முன்னால் வரிசையில் வர வேண்டும். பையை மேஜைமேல் வைக்க வேண்டும், ஜிப்பைத் திறக்க வேண்டும், ஓர் அடி பின்னால் போய் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நிற்க வேண்டும். அவர் பைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது யாரும் கைவரிசை காட்டிவிடக் கூடாது பாருங்கள், அதற்காக. எல்லாம் பார்த்து முடித்ததும், "சரி, போலாம்" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காகக் கேஷியர் முதல் கூட்டுகிறவர் வரை கை விரித்துக் காத்திருப்பார்கள்.

இந்த முறையை அவர் வீட்டில் பெருமையாகச் சொல்லிக் காட்டியிருக்கிறார். பத்து வயதுப் பெரியவளும் ஆறு வயதுச் சின்னவனும் அதை விளையாட்டாகவே விளையாடிய காலம் உண்டு. ஒருத்தர் ஸ்கேனர், ஒருத்தர் திருடன். தலையணை உறைக்குள் கரண்டியை ஒளித்துவைத்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் நிற்பார்கள். பெரியவள் அந்த விளையாட்டை எப்போது நிறுத்தினாள் என்பதை மட்டும், ஊரில் உள்ள பைகளையெல்லாம் கவனிக்கிற மனிதர் கவனிக்கவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்.

"ஏங்க, இனிமே பிள்ளைங்க பள்ளிக்கூடம் போக வேணாம். நான் வீட்டுலயே சொல்லிக் குடுக்கறேன்."

அவர் ஒரு ஷூவோடு நிமிர்ந்தார். "என்னது?"

"பெரியவளுக்கு அங்க ஒத்துக்கல. தினமும் காலைல வயித்து வலிங்கறா. பாதி நாள் வாந்தி. டாக்டர் ஒண்ணுமில்லைங்கறாரு."

"வயித்து வலிக்கு மருந்து குடுப்பாங்க. பள்ளிக்கூடத்தையா நிறுத்துவாங்க?"

"உங்களுக்குச் சொன்னா புரியாது."

இந்த ஒரு வரி போதும், அவர் மூக்கில் வியர்க்க. சொன்னால் புரியாது என்று ஒருத்தர் சொன்னால் சொல்லாமல் எதையோ வைத்திருக்கிறார் என்று அர்த்தம். இருபது வருட அனுபவம் பேசுகிறது.

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை பார்த்தாள். அதைச் சாயங்கால ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு விட்டாளாம். அதாவது ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது, இவரிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி! கல்வி அலுவலகத்தில் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் இல்லாவிட்டால் இவரிடம் இதைக்கூடச் சொல்லியிருப்பாளோ என்னவோ.

அவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் பேனாவை மூடும்போதே நிபந்தனையும் போட்டார்.

"மூணு மாசம் பாக்கறேன். எனக்குத் திருப்தி இல்லைன்னா ரெண்டும் திரும்பப் பள்ளிக்கூடம். அப்புறம் பேச்சே கிடையாது."

பக்கத்தில் நின்ற பெரியவள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் அதையும் பார்த்தார், மனதில் குறித்துவைத்தார்.

முதல் இரண்டு வாரம் வீட்டில் நடந்த கூத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். அவளுக்கும் இது புதுசு. பள்ளிக்கூடம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியுமோ அப்படியே வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் டைம் டேபிள் ஒட்டினாள். டம்ளரில் கரண்டியால் தட்டினால் முதல் பீரியட். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் நேராக உட்கார வேண்டும். சொந்த வீட்டில் சின்னவன் கையைத் தூக்கி, "மிஸ், பாத்ரூம் போலாமா?" என்று கேட்டான். அவளும் பழக்க தோஷத்தில், "அஞ்சு நிமிஷம் பொறு, பெல் அடிக்கட்டும்" என்றாள். அவன் பொறுக்கவில்லை. நாற்காலி மெத்தையைக் காய வைக்க இரண்டு நாள் ஆனது.

அன்றைக்கே டைம் டேபிளைக் கிழித்துப் போட்டாள். அதற்கப்புறம்தான் ஸ்கேனருக்கு உண்மையான தலைவலி ஆரம்பித்தது. டைம் டேபிள் இருந்தவரை பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியாவது இருந்தது. இப்போது வீட்டுக்கு வந்தால் படிப்பு நடந்த தடயமே இல்லை. ஒருநாள் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவைத்திருந்தார்கள். இன்னொரு நாள் வீட்டில் உள்ள செருப்பெல்லாம் நீளவாரியாக ஹாலில் அடுக்கியிருந்தது. கேட்டால், "அது சராசரி" என்றான் சின்னவன்.

"சராசரின்னா?"

"எல்லாச் செருப்பையும் சேத்து வச்சா ஒரு செருப்பு எவ்வளவு பெருசுங்கறது. உங்க செருப்புதான் கணக்கைக் கெடுக்குது."

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற ஸ்கேனரின் அக்கா இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள்.

"ஏன்டா தம்பி, உன் பொண்டாட்டிக்குக் காலைல எழுந்து பிள்ளைங்களைக் கெளப்ப சோம்பேறித்தனம். அதுக்கு இப்படி ஒரு பேரு வச்சிருக்கா. நீயும் தலையாட்டிட்டு நிக்கற. ஊர்ல உள்ளவன் பையெல்லாம் பாக்கற, உன் வீட்டுல என்ன நடக்குதுன்னு பாரு."

அந்தக் கடைசி வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

பார்க்க ஆரம்பித்தார். சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனதும் சட்டையைக்கூட மாற்றாமல் இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். ஏழெட்டு எவ்வளவு? மழை எப்படி வருது? பதில் சொல்லாவிட்டால், ஒன்றும் படிக்கவில்லை என்று சந்தேகம். டக்கென்று சொல்லிவிட்டால், அம்மா சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று சந்தேகம். பிள்ளைகள் என்னதான் செய்யும்? சின்னவன் வாயாடி, சமாளித்துவிடுவான். பெரியவள் கேள்வி ஆரம்பித்த உடனே தன் பள்ளிக்கூடப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள்.

அந்தப் பைதான் அவரை உறுத்தியது. பச்சை நிறப் பை, ஒரு பட்டை கிழிந்து தைத்தது. பள்ளிக்கூடமே இல்லை, பை எதற்கு? சாப்பிட வந்தால் காலடியில் பை. டி.வி. பார்த்தால் பக்கத்தில் பை. ஒருமுறை தரையில் கிடந்ததை அவர் சும்மா நகர்த்தி வைக்கப் போனார். சமையலறையிலிருந்து ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

"உள்ள என்ன?"

"ஒண்ணுமில்லப்பா."

ஒன்றுமில்லை! அவர் மேஜைக்கு முன்னால் மாட்டிய அத்தனை பேரும் சொன்ன அதே வார்த்தை.

மூன்று மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. பல்வலி என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஒருநாள் முற்பகலில் வீட்டுக்குக் கிளம்பினார். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளின் புருஷனுக்குப் பல்வலி என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சீருடையோடுதான் போனார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு உடனே வேலைக்குத் திரும்ப வேண்டுமே.

வீடு பூட்டிக் கிடந்தது.

கீழே முடிவெட்டும் கடை. பார்பர் ஒரு தலையை முடித்துவிட்டு வாசலில் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுலயா? இந்நேரம் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருப்பாங்க சார். தினமும் அங்கதான். வேடிக்கை பாத்துட்டு."

"தினமுமா?"

பார்பர் துண்டோடு நின்றார். வாயை விட்டுவிட்டோமோ என்று அவருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "தினமும்னா, எனக்கு என்ன தெரியும் சார்" என்று உள்ளே போய்விட்டார்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மருந்துக் கடைத் தூண் ஒன்று இருந்தது. அதன் பின்னால் போய் நின்றார் ஸ்கேனர். சொந்தப் பெண்டாட்டி பிள்ளைகளைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கிற நிலைமை வந்துவிட்டதே என்று ஒரு பக்கம் கூசியது. ஆனால் கண் என்னவோ தன் வேலையைப் பார்த்தது.

பஸ் வந்து நின்றது. "ஏறினது ஆறு, இறங்கினது ரெண்டு!" என்று சின்னவன் கத்தினான். பெரியவள் நடைபாதையில் சாக்பீஸால் கோடு போட்டாள். மனைவி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே, "பத்து பேரோட வந்துச்சுன்னு வச்சுக்க, அப்போ உள்ள இப்ப எத்தனை பேரு? டிரைவரை விட்டுட்டியா?" என்றாள். பெரியவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எத்தனை நாளாயிற்று! தூணுக்குப் பின்னால் நின்றவருக்கும் உதடு தானாக விரிந்தது. இதில் என்ன தப்பு, கணக்குத்தானே போடுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தார்.

போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் அடுத்த பஸ்ஸிலிருந்து டிக்கெட் பரிசோதகர் இறங்கினார். அவரும் கருநீலச் சட்டை. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, நிழலுக்காகப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். பெரியவளின் சிரிப்பு அப்படியே அறுந்தது. சாக்பீஸ் கீழே விழுந்தது. பையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாள். எதிர்ப்பக்கம் இருந்து பார்க்கும்போதே முகம் வெளுத்தது தெரிந்தது.

ஸ்கேனருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக அவர் நினைத்தார். சீருடையைக் கண்டு பையை இறுக்குகிறவர்களை ஆயிரம் பேரைப் பார்த்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் எதையோ எடுத்திருக்கிறாள். அது பையில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. விஷயம் வெளியே வருவதற்குள் பூசி மெழுகத்தான் இந்த வீட்டுப் படிப்பு, வயிற்று வலி, செருப்புச் சராசரி எல்லாம்.

என் மகளா? என் வீட்டிலா? கடைக்குத் திரும்பி நடக்கிற வழியெல்லாம் அவருக்குக் கண் நிறைந்து நிறைந்து வந்தது. மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பல்வலி ரொம்ப அதிகமோ என்று மாத்திரை கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் முடிவு பண்ணிவிட்டார். பையில் பொருள் இருந்தால் நாளைக் காலையிலேயே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவது. திருப்பிக் கொடுக்க வைப்பது, மன்னிப்புக் கேட்க வைப்பது, அதே வகுப்பில் திரும்ப உட்கார வைப்பது.

மனைவி வேலைக்குக் கிளம்பிப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை. கதவு சாத்தியதும் கூப்பிட்டார்.

"பெரியவளே, இங்க வா. அந்தப் பையைக் கொண்டா."

அவள் அறை வாசலில் பையோடு நின்றாள். அசையவில்லை.

"கொண்டான்னு சொன்னேன்ல?"

மெல்ல வந்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் பயங்கரம். சாப்பாட்டு மேஜைமேல் பையை வைத்தாள். ஜிப்பைத் திறந்தாள். ஓர் அடி பின்னால் போனாள். அப்புறம் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள்.

ஸ்கேனர் பேயறைந்ததுபோல் நின்றுவிட்டார். கவுனின் கைப்பக்கத்தில் சாக்பீஸ் தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

"ஏம்மா இப்படி நிக்கற?"

தரையில் உட்கார்ந்திருந்த சின்னவன்தான் சொன்னான்.

"ஸ்கூல்ல அப்படித்தான் நிக்கச் சொன்னாங்க. மிஸ்ஸோட வாட்ச் காணோம்னு. வாச்மேன் தாத்தா அக்கா பையைக் கொட்டிப் பாத்தாரு. எல்லாரும் பாத்தாங்க. ஜன்னல் வழியா நானும் பாத்தேன்."

"இருந்துச்சா?" வாய்வரை வந்துவிட்டது கேள்வி. நாக்கு நுனியில் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், மகள் கை விரித்துக் கண்ணை மூடி நிற்கும்போதும் அந்த மனிதருக்கு முதலில் வந்தது அந்தக் கேள்விதான். அதற்கு ஒரு நொடி பின்னால்தான் அவமானம் வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது. கேள்வியை மென்று விழுங்கினார்.

மேஜைமேல் பை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவர் அதைப் பார்க்காமல், மகளைப் பார்த்துக்கொண்டே கையால் துழாவி ஜிப்பை இழுத்து மூடினார்.

"கையை எறக்கும்மா" என்றார். அவள் இறக்கவில்லை. அவரே போய் ஒவ்வொரு கையாகப் பிடித்து இறக்கிவிட்டார். பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு உள்ளே போய் அந்தக் கருநீலச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பனியனோடு கட்டிலில் உட்கார்ந்தார்.

மனைவி வேலை முடிந்து வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். சின்னவன் வாசலிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டிருந்தான். அவள் செருப்போடு உள்ளே வந்தாள்.

"நீங்களுமா பையைப் பாத்தீங்க?"

"பாக்கல. மூடிட்டேன்."

அவள் நம்பவில்லை. நம்பாமல் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வாட்ச் அன்னிக்குச் சாயங்காலமே கெடச்சிருச்சு. மிஸ்ஸே வாஷ் பேசின்ல கழட்டி வச்சிருக்காங்க. யாரும் இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அடுத்த நாள் பூரா கிளாஸ்ல பிள்ளைங்க இவளைப் பாத்துக் கையை விரிச்சுக் காட்டியிருக்கு. அதுக்கப்புறம்தான் வயித்து வலி."

"என்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"அவதான் சொல்லக் கூடாதுன்னா. அப்பா திருடங்களைத்தான் அப்படி நிக்க வைப்பாரு, அவருக்குத் தெரிஞ்சா என்னையும் அப்படித்தான் பாப்பாருன்னு அழுதா. நான் சொல்லியிருந்தா நீங்க மொதல்ல என்ன கேட்டிருப்பீங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

அவர் மூலையில் கிடந்த கருநீலச் சட்டையைப் பார்த்தார்.

"மூணு மாசக் கெடு இருக்கே" என்றாள் அவள். "நாளைக்கு என்ன செய்யறதா உத்தேசம்?"

அவர் எழுந்து போய் அக்காவுக்கு போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. "அக்கா, பிள்ளைங்க வீட்டுலதான் படிக்கும். என் வீட்டுல என்ன நடக்குதுன்னு பாத்துட்டேன். பாத்தது போதும்" என்றார். அந்தப் பக்கம் அக்கா ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். சீருடை அன்றைக்கு அவருடைய பைக்குள் இருந்தது. கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சாதாரணச் சட்டையில் இருந்தார். பெரியவள் பச்சைப் பையோடு வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க கேக்கவே இல்லையே."

"என்னம்மா?"

"நான் எடுத்தேனா இல்லையான்னு."

"கேக்க வேண்டியதில்லை" என்றார்.

அவள் அவரை நிதானமாகப் பார்த்தாள். தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி. அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும், கடை வாசலில் அவரே பார்க்கிற பார்வை. டக்கென்று பதில் சொல்லிவிட்டோமே, பொய் என்று நினைத்துவிடுவாளோ என்று அவருக்கு வியர்த்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்.

"இதை அந்த ஆணியில மாட்டுங்க. எனக்கு எட்டல" என்று பையை நீட்டினாள்.

வாங்கினார். ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே ஏதோ ஒன்று பளபளத்தது. ஓரக்கண் போகப் பார்த்தது, போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம், அவர் இழுத்துக்கொண்டு வந்தார். விட்டத்தைப் பார்த்தபடி ஜிப்பை மூடி, பையை ஆணியில் மாட்டினார். அவள் மறந்துபோய்த் திறந்து வைத்திருந்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா என்ற சந்தேகம் அவருக்கு இன்றுவரை உண்டு. உள்ளே பளபளத்தது என்ன என்பதும் இன்றுவரை தெரியாது.

திரும்பினார். மகள் அதே இடத்தில் நின்று அவர் கண் எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கையும் தொங்க, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

"சரி, போலாம்" என்றாள்.